மீன்கள் ஊருக்குள் வந்த வருஷம்

மருதப்படுகையில் மீன்கள் ஆற்றைவிட்டு ஏறி ஊருக்குள் நடந்து வந்தது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. ரேஷன் கடையில் சீனி போடுகிற நாள் என்பதால் பாதி ஊர் பையும் கையுமாகத் தெருவில்தான் நின்றது. அதனால் "நான் பார்க்கவில்லை" என்று பிற்பாடு யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. முன்னால் பனையேறிக் கெண்டைகள் வந்தன. அவை செவுளை ஊன்றி நடக்கிற சாதி, மழைக்காலத்தில் வரப்பேறிப் போவதை எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் கெளுத்தி வந்தது, ஆரல் வந்தது, விலாங்கு வந்தது, அயிரைக் கூட்டம் சிந்திய அரிசி மாதிரி பொலபொலவென்று வந்தது, உளுவையும் குரவையும் வாளையும் வந்தன. செதில் காயாமல், மூச்சு முட்டாமல், படித்துறையின் படிகளையெல்லாம் ஏறி, சிமெண்ட் ரோட்டின் சூட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, பெரியது சிறியதைத் தின்னாமல், காக்கை ஒன்றுகூடக் கொத்தாமல், சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப் போல ஒரே வரிசையாக வந்தன. ஜிலேபிக் கெண்டை மட்டும் வரவில்லை. அது எங்கிருந்தோ வந்து ஆற்றில் குடியேறியது. எந்தச் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும்.

வந்த மீன்கள் தெருமுனையில் பிரிந்து வீட்டுக்கு இரண்டு, வீட்டுக்கு நான்கு என்று வாசல்களில் போய் நின்றன. ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடின.

முப்பிடாதி அப்போது வாசலில் உட்கார்ந்து வேலையில்லாத வலையின் கிழிசலைச் சும்மா பொத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஆற்றில் வலை வீசியவள் அவள். புருஷன் சங்கிலி தோணியைத் தள்ளுவான், அவள் வீசுவாள். பிடித்ததைக் கூடையில் சுமந்து ஐந்து ஊர்களில் விற்பாள். நாலு மாதமாக வீசவில்லை. ஆகாயத்தாமரை ஆற்றை மூடிவிட்டது. யாரோ ஒரு பண்ணைக்காரர் அழகுக்காகத் தொட்டியில் வளர்த்ததைக் கொட்டிவிட்டார் என்று சிலரும், மேலேயுள்ள டவுனின் சாக்கடை அதற்கு எருவாகிவிட்டது என்று சிலரும், தண்ணீரைத் திறந்துவிட்டால் தானே போய்விடும் என்று சிலரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னது சரிதான், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அது இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பாய் விரித்துவிட்டது. வீசினால் வலை தண்ணீரைத் தொடாமல் இலைமேல் துணி காயப்போட்ட மாதிரிக் கிடந்தது. அடியில் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. கம்பால் கிளறினால் கறுப்புத் தண்ணீர் கூழ்முட்டை நாற்றத்தோடு கொப்பளித்தது.

அவள் வாசலுக்கு வந்தது ஒரு விரால். முழங்கை நீளம், பாம்புத் தலை, கீழ் உதட்டில் துருப்பிடித்த ஒரு தூண்டில் முள். அது தான் போட்ட முள் என்று முப்பிடாதிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போன பங்குனியில் அவள் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது அதுதான். விராலைச் சுற்றி அதன் குஞ்சுகள், செக்கச்செவேலென்று, பிடி குங்குமத்தைத் தரையில் கொட்டினது போல மொய்த்து நின்றன.

"ஏளா, எந்திரி. கத்தியை எடு" என்றான் சங்கிலி, பின்னாலிருந்து.

முப்பிடாதி எழுந்து போய்க் கத்தியை எடுக்கவில்லை. கொல்லையில் கிடந்த நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிமிர்த்தி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். குனிந்து இரண்டு கையாலும் விராலைத் தூக்கினாள். உயிரோடு ஒரு மீனை அவள் அவ்வளவு மெதுவாகத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அது துள்ளவில்லை.

அன்றைக்கு மதியத்துக்குள் ஊரில் இருந்த அண்டா, குடம், அடுக்குப்பானை, குழந்தை குளிக்கிற வாளி, மாடு குடிக்கிற தொட்டி, உபயோகமில்லாத ஆட்டுரல் குழி எல்லாவற்றிலும் மீன் இருந்தது. காய்ந்து கிடந்த கோயில் தெப்பக்குளத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் விட்டு, வீடு கிடைக்காத அயிரைகளை விட்டார்கள். ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரமில்லை. யார் வீட்டில் எது, எதற்கு என்ன தீனி, தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதே பேச்சாக இருந்தது. கிராம அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இதை வெள்ளச் சேதத்தில் எழுதுவதா, கால்நடையில் எழுதுவதா என்று தெரியாமல், பேனாவை மூடிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அரசமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுலிங்கம் நல்ல பேச்சாளர். கண் கலங்குவது அவருக்குச் சுலபம்.

"வீடு தேடி வந்துட்டு. வந்த விருந்தாளியை வெட்டித் தின்ன ஊருன்னு நாளைக்கு யாரும் நம்மளைச் சொல்லக் கூடாது" என்றார் அவர். "கார்த்திகைக்குள்ள ஆத்தைச் சுத்தம் பண்ணுதோம். ஒரு இலை மிச்சமில்லாம. மேளம் வச்சு எல்லாத்தையும் திருப்பி விடுதோம். அதுவரைக்கும் ஒரு வீட்டுலயும் மீன் சட்டி அடுப்புல ஏறக் கூடாது. இது ஊர்க் கட்டு."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் எல்லோருடைய கண்ணும் முப்பிடாதியிடம் வந்து நின்றது.

"உன்னையத்தாம்மா பாக்கணும்" என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே. "உனக்குக் கை சும்மா இருக்காதே."

"எங் கை சும்மாதான் இருக்கு, தலைவரே" என்றாள் முப்பிடாதி. "நீங்க ஆத்தைச் சுத்தம் பண்ணுங்க. பெறகு பாப்போம்."

மறுநாளிலிருந்து அவள் வாழைத்தோப்புக்குக் களைவெட்டப் போனாள். போகும்போதும் வரும்போதும் டிரம்மை எட்டிப் பார்ப்பாள். குழாய்த் தண்ணீர் விராலுக்குச் சேரவில்லை, தோல் வெளுத்தது. அவள் படித்துறையில் இறங்கி, அரிவாளால் ஆகாயத்தாமரையை அறுத்து இழுத்துப் போட்டு, ஒரு பாய் அகலத்துக்கு வழி உண்டாக்கி, அடித் தண்ணீர் தெளிந்து வருகிறவரை காத்திருந்து, தினம் இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்தாள். மறுநாள் போனால் அந்த இடம் மூடியிருக்கும். மறுபடியும் அறுப்பாள். அவள் மொண்டு ஊற்றியதும் விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், குஞ்சுகள் பின்னாலேயே போகும். அதைப் பார்க்கிறதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது என்ன நிம்மதி என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

முதல் மாதம் ஊர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டது. மீன்களுக்குப் பேர் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அண்டாவைத் திறந்து காட்டினார்கள். இரண்டாம் மாதம், தண்ணீர் மாற்றுவது யார் என்று மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் சண்டை வந்தது. விருந்தாளி என்ற பேச்சுப் போய், சனியன் என்ற பேச்சு வந்தது. மூன்றாம் மாதம் முடிந்து, கார்த்திகை பிறந்ததும், மஞ்சள் வண்ணத்தில் ஒரு இயந்திரம் லாரியில் வந்து இறங்கி, இரண்டு நாள் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்தது. தலைவர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விட்டது. குவித்ததை அள்ளிப் போக யாரும் வரவில்லை. ஒரு மழைக்குக் குவியல் சரிந்து ஆற்றிலேயே இறங்கியது. பத்தொன்பதாம் நாள் ஆறு முன்னைவிடக் கெட்டியாக மூடியிருந்தது.

அப்புறம் மார்கழியில் அது பூத்தது.

பூத்தது என்றால் நம் வீட்டு முற்றத்தில் செடி பூப்பது போல அல்ல. ஒரு விடிகாலை பார்த்தால் அணைக்கட்டு வரைக்கும் ஆறு முழுவதும் ஊதா. ஒவ்வொரு பூவிலும் மயில் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. பனியில் நனைந்து, வெயில் பட்டதும் எல்லாம் மினுங்கின. டவுனிலிருந்து ஒருவன் வந்து போட்டோ எடுத்துப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது கார் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நிறுத்த இடமில்லை. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் பட்டுடுத்திக்கொண்டு வந்து பூவுக்கு நடுவில் நின்று படம் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஆற்றுக்குள் போக ஊரில் இருந்தது ஒரே ஒரு தோணி.

சங்கிலிக்குத் தலைவர் ஒரு சிவப்புச் சட்டை வாங்கிக் கொடுத்தார். கழியால் இலைகளை விலக்கி விலக்கி அவன் ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு போனான். வாழ்நாள் முழுக்க "ஏல சங்கிலி" என்று கூப்பிடப்பட்டவனைக் கார்க்காரர்கள் "அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்கள். அவன் மீசையை ஒழுங்காக வெட்டிக்கொண்டான்.

"முப்பது வருசம் அந்த ஆத்துல கெடந்தோமே, ஒருத்தன் நம்மளைத் திரும்பிப் பாத்தானா?" என்று முப்பிடாதியிடம் கேட்டான்.

"அது இப்ப ஆறு இல்லியே" என்றாள் அவள்.

"என்னவா இருந்தா என்ன? இப்பத்தான் ஊரு மொகத்துல சிரிப்பு இருக்கு."

பூப் பார்க்க வந்தவர்களுக்கு மத்தியானம் பசித்தது. ஆற்றங்கரை ஊர் ஆயிற்றே, ஆற்று மீன் குழம்பு கிடைக்குமா என்று கேட்டார்கள். முதலில் எல்லோரும் கூச்சத்தோடு இல்லை என்றார்கள். முதல் மீனை அறுத்தது பொல்லாத வீடு ஒன்றுமல்ல, தினம் விளக்கேற்றுகிற கோமதியின் வீடு. முப்பிடாதியின் பக்கத்து வீடுதான். அது எப்படியும் செத்துப்போகிற கெளுத்தி, இரண்டு நாளாகத் தலைகீழாக மிதந்தது, வீணாகப் போவானேன் என்றாள் கோமதி. அதற்கடுத்த வீட்டில் செத்துப்போகிற மாதிரி இருந்தது. அதற்கடுத்த வீட்டில் நாளைக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. தை பிறந்தபோது படித்துறை ஓரத்தில் ஓலைப்பந்தல் போட்டு ஏழு அடுப்புகள் எரிந்தன. தெப்பத்தை வற்றவைத்து அயிரையை வாரினார்கள். ஊர்க் கட்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டிய தலைவரே மூன்றாவது பந்தலைத் திறந்துவைத்தார்.

அவ்வளவு மீனையும் அறுக்கக் கை பழகியவள் ஊரில் ஒருத்திதான். கோமதி வந்து நின்றாள்.

"மைனி, வாளையை எப்படிப் பிடிக்கன்னே தெரியல. கை வழுக்குது. நீங்க வந்து செத்த நேரம் இருந்தா போதும். மகராசியா இருப்பீங்க."

"வர மாட்டேன்."

"இது என்ன அநியாயம்? நீங்க அறுக்காத மீனா?"

"ஆயிரம் அறுத்திருக்கேன். பத்தாயிரம் அறுத்திருப்பேன்" என்றாள் முப்பிடாதி. "அது ஆத்துல. நான் வலையை வீசுவேன், அது ஓடும். ஒருநாள் எனக்கு, ஒருநாள் அதுக்கு. வாசல்ல வந்து நிக்கதை அறுத்து எனக்குப் பழக்கமில்ல."

கோமதி போய் இதைச் சொல்ல, பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரி சைவமாகிவிட்டாள் என்றார்கள். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாளிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. அவள் படித்துறையில் அறுத்துப்போட்ட பாய் அகலத்து வழி, போட்டோவில் அம்மைத் தழும்பு மாதிரி விழுகிறது என்று புகார் வந்தது. "பூவைப் பறிக்காதீர், ஆற்றின் அழகைக் காப்பீர்" என்று பலகை நட்டார்கள். அவள் பலகைக்குப் பக்கத்திலேயே இறங்கி அறுத்தாள்.

தலைவர் ஒருநாள் காலையில் வந்து படிமேல் நின்றார்.

"முப்பிடாதி, ஊருக்கு இப்பத்தான் ஒரு வழி பிறந்திருக்கு. நீ ஏம்மா குறுக்க நிக்க?"

இடுப்பளவு இலைக்குள் நின்ற முப்பிடாதி ஒரு செடியை வேரோடு தூக்கிக் காட்டினாள். வேர் கறுப்பு மயிர்க் கற்றையாகத் தொங்கி ஒழுகிற்று.

"இதுக்குக் கீழ ஒரு சாண் தள்ளித் தண்ணி கெடக்கு, தலைவரே. மோந்து பாருங்க."

"மேல நல்லாத்தான மணக்கு" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

மாசி மாதத்தில் ஊரில் எந்த அண்டாவிலும் மீன் இல்லை. முப்பிடாதியின் டிரம்மில் மட்டும் இருந்தது. குஞ்சுகளின் சிவப்பு மங்கிக் கறுப்புக் கோடு விழத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்: பாய் அகலம் திறந்ததை, தினம் பத்து முழம் கூட்டி, அணைக்கட்டு மதகு வரைக்கும் ஒரு வாய்க்கால் மாதிரி அறுத்துக்கொண்டு போய்விட்டால், மதகுக்கு அந்தப் பக்கம் கொஞ்சதூரம் பாறையும் ஓட்டமுமான தண்ணீர், அங்கே விட்டுவிடலாம். பத்து முழம் கூட்டினால் ஐந்து முழம் மூடியது. அப்படிப் பார்த்தாலும் சித்திரைக்குள் போய்ச் சேரலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கைகளெல்லாம் அரிப்பெடுத்து, கெண்டைக்காலில் அட்டைக்கடியோடு, இரண்டு குடம் தண்ணீருடன் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சங்கிலி சட்டையைக் கழற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான். அவள் டிரம்மிடம் போனாள். குஞ்சுகள் மேலே வந்து, கீழே போய், மேலே வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின. நடுவில் ஒன்றுமில்லை. அவள் தோள்வரைக்கும் கையை விட்டு அடியைத் துழாவினாள். வழவழவென்று டிரம்மின் அடிதான் தட்டுப்பட்டது.

"எங்க?"

சங்கிலி தரையைப் பார்த்தான். "மெட்ராஸ்ல இருந்து பெரிய எடத்துப் பொண்ணு மாப்பிள்ளை வந்திருந்தாவ. விரால் குழம்புதான் வேணும்னு சொல்லிட்டாவ. தலைவரு எங்கிட்ட வந்து, ஏல, கைகூப்பிக் கேக்கேன்னாரு. எங்கிட்ட! எத்தனை பேரு முன்னால! நான் என்ன செய்ய?"

"யாரு அறுத்தா?"

அவன் பெருவிரலில் ஒரு வெட்டு இருந்தது, அதில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தது. விராலை அறுக்கும்போது பழக்கமில்லாதவன் கைக்கு விழுகிற இடம் அது.

"துள்ளிச்சா?" என்றாள்.

"இல்ல" என்றான் சங்கிலி. "தூக்கிப் பலகையில வச்சேன். என்னையப் பாத்துக்கிட்டே கெடந்தது. நீதான் தண்ணி மாத்தப் போறேன்னு நெனச்சிருக்கும்போல." அப்புறம் அவசரமாக, பேச்சை மாற்றுகிறவன் போல, "உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன், ஏளா. தலைப்பக்கம். நீ தலைதான திம்பே" என்றான்.

கிண்ணம் அடுப்படியில் தட்டு போட்டு மூடியிருந்தது. முப்பிடாதி அதைத் திறக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. குளிக்கவும் இல்லை. இரண்டு குடத்தில் ஒன்றைக் கவிழ்த்து, இன்னொன்றில் பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு, டிரம்மிலிருந்து குஞ்சுகளைச் சேலை முந்தியால் சல்லடை போல ஏந்தி ஏந்தி அதில் விட்டாள். ஒன்று மிச்சமில்லாமல் எடுக்க வெகுநேரம் ஆனது. சங்கிலி கதவில் சாய்ந்து நின்று பார்த்தான்.

"எங்க போற?"

"தண்ணிக்கு."

"திரும்பி வருவியா?"

அவள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, குடத்தைத் தூக்கி வைத்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. வராதது அவளுக்கே பயமாக இருந்தது.

அணைக்கட்டைத் தாண்டிப் பார்த்தாள். மதகுக்கு அந்தப் பக்கம், பாறையும் ஓட்டமுமாக அவள் நினைத்து வைத்திருந்த இடத்தில், ஊதாப் பூ பூத்திருந்தது. கீழேயுள்ள ஊருக்குப் போனாள். அங்கேயும் ஆவணியில் மீன் வந்ததாம். அவர்கள் கார்த்திகை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. அதற்கடுத்த ஊரில் ஆற்றில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவள் ஆற்றை விட்டுத் திரும்பி, காட்டு வழியாக மேற்கே நடந்து, வெடி வைத்துக் கல்லெடுத்துக் கைவிட்டுப்போன ஒரு பள்ளத்துக்கு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். நாலு பனை ஆழத்தில் மழைத்தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அதில் ஒரு இலையும் இல்லை. காவலுக்கு ஒரு கிழவர், தோளில் துண்டோடு, இடிந்த கொட்டகையில் இருந்தார்.

வண்டிப்பாதையில் இறங்கித் தண்ணீர் ஓரத்தில் குடத்தைச் சாய்த்தாள். குஞ்சுகள் முதலில் ஒரே பந்தாக நின்று, பிறகு கலைந்து, ஆழத்துக்குள் போயின.

"என்னத்தம்மா ஊத்துத?" என்று மேலேயிருந்து கேட்டார் கிழவர்.

"விரால் குஞ்சு, அண்ணாச்சி."

"வளந்த பெறகு வந்து பிடிப்பியோ?"

முப்பிடாதி யோசித்தாள். "மாட்டேன். இது குழிதான. இதுல ஓடித் தப்பிக்க எடம் கெடையாது."

குடத்தைக் கழுவ அவள் கையை உள்ளே விட்டபோது விரலில் ஏதோ ஒட்டியது. வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் நகமளவு இரண்டு இலை, அடியில் காற்றடைத்த ஒரு குமிழ், மயிரிழை போல நாலைந்து வேர். அவள் மொண்ட தண்ணீரோடு, அவள் தலையிலேயே ஏறி, அவ்வளவு தூரமும் வந்திருந்தது.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். குஞ்சுகளை ஊற்றும்போது வேறு ஏதும் சேர்ந்து விழுந்ததா என்று ஓரம் முழுக்க மண்டியிட்டுத் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தண்ணீருக்கு எட்டாத தூரத்தில், வெயில் கொதிக்கிற ஒரு பாறையில் அந்தச் செடியை வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

உச்சிவேளை கழிந்தது. இலையின் ஓரம் கொஞ்சம் சுருண்டது. கிழவர் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் எதைப் பார்க்கிறாள் என்று குனிந்து பார்த்தார்.

"வீட்டுக்குப் போகலியாம்மா?"

"இது காயட்டும், அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி.

வெயில் பாறையைவிட்டு இறங்குகிற நேரத்தில் அவள் குமிழை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே ஈரமாக இருந்தது.